என் 93,600 ரூபாய் எங்கே போச்சு?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

போன எபிசோட்ல கிரெடிட் கார்டு பத்திப் பேசினதுக்கு வந்த மெசேஜ்கள்ல பாதி, "அண்ணா, இன்ஷூரன்ஸ் பத்திப் பேசுங்க"ன்னு. சரி, பேசலாம். ஆனா எந்த பாலிசி நல்லது, எது மோசம்னு இன்னிக்குச் சொல்லப்போறதில்ல. அதுக்கு யூட்யூப்ல ஆயிரம் பேர் இருக்காங்க. இன்னிக்கு நான் சொல்லப்போறது ஒரு கணக்கு. அந்தக் கணக்கால எங்க வீட்ல கிட்டத்தட்ட ஒரு வருஷம் பேச்சுவார்த்தையே இல்லாம போச்சு.

2020 மார்ச். எனக்கு முதல் வேலை. 80சி-க்கு ஏதாவது காட்டணும்னு ஆபீஸ்ல எச்ஆர் மெயில் மேல மெயில். அந்த நேரம் பார்த்து எங்க சித்தப்பா வீட்டுக்கு வந்தார். அவர் ஒரு ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியோட ஏஜென்ட். எந்தக் கம்பெனிங்கறது முக்கியமில்ல, விட்ருங்க. "தம்பி, இருபது வருஷ எண்டோமென்ட். வருஷம் 48,000. கண்ணை மூடிட்டுப் போடு"ன்னார். நானும் உண்மையிலேயே கண்ணை மூடிட்டுத்தான் கையெழுத்து போட்டேன். பத்துப் பன்னிரண்டு இடத்துல.

மூணு தவணை கட்டினேன். 1,44,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. 2022 நவம்பர்ல வீடு மாத்தணும், அட்வான்ஸுக்குப் பணம் வேணும். பாலிசியை சரண்டர் பண்ணிடலாம்னு போனேன். கவுண்டர்ல இருந்த அக்கா ஒரு தாளை நீட்டினாங்க. 50,400.

நான் எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். 1,44,000 கட்டி 50,400. மிச்சம் 93,600 எங்க? அவங்க சொன்னது ஒரே வரி: "மூணாவது வருஷத்துல சரண்டர் பண்ணா 35 பர்சன்ட்தான் சார்."

நேரா சித்தப்பாவுக்கு ஃபோன். நான் என்ன பேசினேன்னு இங்க சொல்ல முடியாது. "என் காசைத் தின்னுட்டீங்க"ன்னு ஒரு வார்த்தை வந்துச்சு, அது மட்டும் ஞாபகம் இருக்கு. அம்மா பக்கத்துல நின்னு, "பெரியவங்ககிட்ட இப்படியாடா கணக்கு கேட்பாங்க?"ன்னு திட்டிட்டே இருந்தாங்க.

நான் பி.காம். ஒரு கட்டத்துல கோபம் போய், அந்தப் பழைய படிப்பு எட்டிப் பார்த்துச்சு. காசு காணாம போகாது. ஒரு இடத்துல இருந்து போனா, இன்னொரு இடத்துல எழுதியிருக்கணும். எங்க எழுதியிருக்காங்கன்னு தேடப் போனதுலதான் இன்னிக்கு சப்ஜெக்ட் கிடைச்சது.

ஆள் பிடிக்கிற செலவு

ஸ்டார்ட்அப்ல வேலை பார்க்கிறவங்களுக்கு 'சிஏசி'ன்னா உடனே புரியும். ஒரு கஸ்டமரைக் கொண்டுவர ஆகுற செலவு. முதல் ஆர்டருக்கு 150 ரூபாய் தள்ளுபடி கொடுக்கிறாங்களே, அது மாதிரி. ஆயுள் காப்பீட்டுல இந்தச் செலவு வேற லெவல்.

ஒரு புது பாலிசி எழுதணும்னா ஏஜென்டுக்குக் கமிஷன். அவரை வேலை வாங்குற அதிகாரிக்கு இன்சென்டிவ். மெடிக்கல் டெஸ்ட். இந்த ஆளுக்குக் காப்பீடு கொடுக்கலாமா வேண்டாமான்னு பார்க்கிற அண்டர்ரைட்டிங் டீம். பாலிசிப் பத்திரத்துக்கு ஸ்டாம்ப் கட்டணம். இதெல்லாம் முதல் வருஷமே ஆகிடும். ஆனா வருமானம்? இருபது வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா வரும்.

இந்தியாவுல 1938-ஆம் வருஷத்து இன்ஷூரன்ஸ் சட்டத்துலயே கமிஷனுக்கு உச்சவரம்பு இருந்துச்சு. நீண்டகால பாலிசிக்கு முதல் வருஷப் பிரீமியத்துல 35 சதவீதம் வரை. ரெண்டாவது, மூணாவது வருஷம் ஏழரை சதவீதம். அதுக்கப்புறம் அஞ்சு. 2023 ஏப்ரல்ல இருந்து தனித்தனி வரம்பை எடுத்துட்டு, கம்பெனியோட மொத்த நிர்வாகச் செலவுக்குள்ள அடக்கிக்கோங்கன்னு விதியை மாத்தினாங்க. என் பாலிசி அதுக்கு முந்தையது. என் பிரீமியத்துல 35 சதவீதம்னா 16,800. அடுத்த ரெண்டு வருஷமும் தலா 3,600. ஆக சித்தப்பாவுக்குப் போனது 24,000. என் 93,600-ல கால் பங்கு கொஞ்சம் கூட. மீதி?

அதுக்கு வர்றேன். முதல்ல கணக்கு எழுதுறவர் முன்னாடி இருக்கிற பிரச்சினையைப் பார்ப்போம்.

ஊர்ல தென்னங்கன்று வைக்கிறவங்களைக் கேளுங்க. குழி வெட்ட, எரு போட, கன்று வாங்க, முதல் வருஷமே செலவு முடிஞ்சிடும். காய் வர சில வருஷம் ஆகும், அப்புறம் பல பத்து வருஷம் காய்க்கும். இப்போ அந்தக் குழி வெட்டின கூலியை எந்த வருஷத்துக் கணக்குல எழுதுறது? முதல் வருஷத்துலயே முழுசா எழுதினா, அந்த வருஷம் தோப்புக்காரர் பெரிய நஷ்டக்காரர். பிற்பாடு வர்ற வருஷங்கள்ல செலவே இல்லாம பணம் காய்க்கிற மாதிரி தெரியும். ரெண்டுமே பொய் மாதிரிதான் இருக்கு. அதனால செலவைக் காய்ப்பு வருஷங்களுக்குப் பங்கு போட்டு எழுதலாம்னு ஒரு யோசனை. செலவும் வரவும் ஒரே காலத்துல சந்திக்கணும்ங்கறது கணக்கியல்ல ரொம்பப் பழைய கொள்கை.

இதைத்தான் இன்ஷூரன்ஸ்ல 'டிஃபர்ட் அக்விசிஷன் காஸ்ட்', சுருக்கமா டிஏசி-ன்னு சொல்றாங்க. தமிழ்ல சொன்னா, தள்ளிவைச்ச ஆள் பிடிக்கிற செலவு. பணம் கையை விட்டுப் போயாச்சு. ஆனா செலவுன்னு எழுதாம, பேலன்ஸ் ஷீட்ல சொத்துன்னு எழுதி வைப்பாங்க. வருஷாவருஷம் அதுல ஒரு துண்டை வெட்டி செலவுக்குக் கொண்டுவருவாங்க.

கொஞ்சம் எண்கள், பயப்படாதீங்க

பஸ்ல போறவங்க மனசுலயே போடக்கூடிய கணக்குதான்.

பத்து வருஷ பாலிசி. வருஷம் 10,000 பிரீமியம். ஆள் பிடிக்கிற செலவு முதல் வருஷம் 5,000. பிரீமியத்துல 9,000 கிளெய்முக்கும், எதிர்காலத்துல கொடுக்கவேண்டிய தொகைக்கும், பராமரிப்புக்கும் போயிடும். வட்டியை மறந்துடுவோம். வருஷம் 1,000 மிஞ்சும்.

முறை ஒண்ணு: செலவை உடனே எழுதுறது. முதல் வருஷம் 1,000-ல இருந்து 5,000 போக, 4,000 நஷ்டம். அடுத்த ஒன்பது வருஷமும் 1,000 லாபம். மொத்தம் 5,000 லாபம்.

முறை ரெண்டு: தள்ளிவைக்கிறது. 5,000-ஐப் பத்தா வெட்டினா வருஷம் 500. ஒவ்வொரு வருஷமும் 500 லாபம். மொத்தம் அதே 5,000.

அப்போ என்ன வித்தியாசம், கடைசியில ஒண்ணுதானேன்னு கேட்பீங்க. நானும் கேட்டேன். வித்தியாசம் கம்பெனி வளரும்போது தெரியும். முதல் வருஷம் ஒரு பாலிசி, அடுத்த வருஷம் புதுசா ரெண்டு, மூணாவது வருஷம் புதுசா நாலு விக்கிறாங்கன்னு வைங்க. உடனே எழுதுற முறையில ரெண்டாவது வருஷம் 7,000 நஷ்டம், மூணாவது வருஷம் 13,000 நஷ்டம். எவ்வளவு நல்லா விக்கிறாங்களோ அவ்வளவு நஷ்டம்! தள்ளிவைக்கிற முறையில அதே கம்பெனிக்கு 500, 1,500, 3,500-ன்னு லாபம் அழகா ஏறிட்டே போகும்.

கம்பெனி ஒண்ணுதான். பேங்க்ல இருக்கிற பணமும் ஒண்ணுதான். மூணு வருஷ முடிவுல ஒரு புத்தகம் மொத்தம் 24,000 நஷ்டம்ங்குது. இன்னொண்ணு 5,500 லாபம்ங்குது. இடையில இருக்கிற 29,500 ரூபாய்தான் அந்த டிஏசி சொத்து.

அந்தச் சொத்து எப்படிப்பட்டதுன்னு யோசிங்க. கட்டடமா? இல்ல. கடன் பத்திரமா? இல்ல. யாருக்காவது வித்து காசாக்க முடியுமா? தனியா முடியாது. இந்த ஆளுங்க அடுத்தடுத்த வருஷமும் பிரீமியம் கட்டுவாங்கங்கற எதிர்பார்ப்பு. அவ்வளவுதான். இதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. அமெரிக்காவுல பாலிசி எடுத்திருந்தா, என் விசுவாசத்துக்கு ஒரு விலை போட்டு சொத்துன்னு எழுதியிருப்பாங்க. தென்னைமரம் எழுந்து நடந்து போகாது. ஆனா பாலிசிதாரர் போயிடுவார். நான் போனேன்.

அமெரிக்கக்காரங்க பட்ட பாடு

இந்த யோசனை புதுசில்ல. 1863-லயே ஆகஸ்ட் ஸில்மர்னு ஒரு ஜெர்மன் ஆக்சுவரி இதை வேற வழியா யோசிச்சார். சொத்துப் பக்கம் ஏத்துறதுக்குப் பதிலா, பாலிசிதாரர்களுக்காக ஒதுக்கி வைக்கிற பொறுப்புத் தொகையை ஆரம்பச் செலவு அளவுக்குக் குறைச்சுக் காட்டலாம்னார். இன்னிக்கும் ஆக்சுவரிங்க 'ஸில்மரைசேஷன்'னு அவர் பேரைத்தான் சொல்றாங்க.

அமெரிக்காவுல இது சுவாரஸ்யமா ரெண்டு புத்தகமா பிரிஞ்சுது. மாநில ரெகுலேட்டர்களுக்குக் கொடுக்கிற கணக்குல ஆள் பிடிக்கிற செலவை உடனே எழுதணும். ஏன்னா அவங்க கேள்வி வேற: "நாளைக்கே கடையைச் சாத்தினா பாலிசிதாரர்களுக்குக் கொடுக்கப் பணம் இருக்கா?" அந்த நேரத்துல 'எதிர்பார்ப்பு'ங்கற சொத்தை வச்சு ஒரு விதவைக்குக் கிளெய்ம் கொடுக்க முடியாது. ஷேர்ஹோல்டர்களுக்கான கணக்குல தள்ளிவைக்கலாம். 1972-ல ஆடிட்டர் அமைப்பு ஒரு வழிகாட்டி போட்டுச்சு. 1982-ல எஃப்ஏஎஸ் 60-ன்னு முறையான விதியே வந்துடுச்சு.

பிரச்சினை எங்க வந்ததுன்னா, எதையெல்லாம் தள்ளிவைக்கலாம்ங்கறதுல. புது வியாபாரத்தோட ஏறி இறங்குற, அதோட முக்கியமா சம்பந்தப்பட்ட செலவுன்னு விதி சொல்லுச்சு. ஜவ்வு மாதிரி இழுக்கக்கூடிய வார்த்தை அது. விளம்பரச் செலவு? நிராகரிச்ச விண்ணப்பத்துக்குப் பண்ண மெடிக்கல் டெஸ்ட்? சேல்ஸ் மேனேஜர் சம்பளம்? ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதினாங்க. அதனால 2010-ல விதியை இறுக்கினாங்க. உண்மையிலேயே முடிஞ்ச பாலிசிக்கு நேரடியா ஆன செலவை மட்டும்தான் தள்ளிவைக்கலாம், பத்துப் பேரைப் பார்த்து மூணு பேர் எடுத்தா மீதி ஏழு பேருக்கு ஆன செலவு அந்த வருஷமே எழுதப்படணும். இது 2012-ல அமலுக்கு வந்தப்போ பல கம்பெனிகள் அதுவரை சொத்துன்னு காட்டினதுல ஒரு பகுதியைக் கழிச்சுட்டு, நிகர மதிப்பைக் குறைச்சு எழுதவேண்டி வந்துச்சு. ஒரு ரூபாய்கூட வெளிய போகல. ஆனா சொத்து குறைஞ்சுது.

எந்த வேகத்துல வெட்டுறதுங்கறது இன்னொரு சண்டை. யூனிவர்சல் லைஃப், வேரியபிள் ஆன்யுட்டி மாதிரியான பாலிசிகளுக்கு, வரப்போற லாபத்தை மதிப்பிட்டு அந்த விகிதத்துல வெட்டுங்கன்னு 1987-ல எஃப்ஏஎஸ் 97 சொல்லுச்சு. கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா மதிப்பீடு மாறும்போதெல்லாம் பழைய கணக்கையும் திறந்து திருத்தணும். அதுக்கு 'அன்லாக்கிங்'னு பேர். 2008-ல மார்க்கெட் விழுந்தப்போ என்ன ஆச்சு? வருங்கால லாபம் குறையும்னு தெரிஞ்சதும், ஹார்ட்ஃபோர்ட் மாதிரி கம்பெனிகள் டிஏசி-யைப் பெரிய அளவுல ஒரே அடியா எழுதித் தள்ளினாங்க. ஏற்கெனவே முதலீட்டுல அடி. அதே நேரத்துல இதுவும். மழை நாள்ல கூரையும் பிரிஞ்ச மாதிரி.

இந்தத் தலைவலியைத் தாங்க முடியாம 2018-ல புது விதி போட்டாங்க. பெரிய கம்பெனிகளுக்கு 2023-ல அமலுக்கு வந்துச்சு. சாரம் ரொம்ப எளிமை: லாபத்தைப் பார்க்காதே, மார்க்கெட்டைப் பார்க்காதே. பாலிசி ஓடுற காலத்துக்குச் சமமா வெட்டு. எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வெளியேறினா, அவங்க பங்கை உடனே எழுது. ஐம்பது வருஷம் சண்டை போட்டு, நான் மேல போட்ட பஸ் கணக்குக்கே வந்து சேர்ந்தாங்கன்னு சொல்லலாம். கொஞ்சம் மிகைதான், ஆடிட்டர் நண்பர்கள் மன்னிக்கணும். (சிரிப்பு)

ஐரோப்பா, பிரிட்டன் பக்கம் ஐஎஃப்ஆர்எஸ் 17. அதுவும் 2023 ஜனவரிதான். அங்க ஓடிட்டிருக்கிற பாலிசிகளுக்கு டிஏசி-ங்கற தனிச் சொத்தே கிடையாது. பாலிசியில இன்னும் சம்பாதிக்காத லாபம்னு ஒரு பெட்டி வச்சிருக்காங்க. ஆள் பிடிக்கிற செலவை முதல்லயே அந்தப் பெட்டியில இருந்து கழிச்சுடுவாங்க. மிச்சம் இருக்கிறது வருஷாவருஷம் லாபமா வெளிய வரும். விளைவு பார்த்தா தள்ளிவைச்ச மாதிரியேதான். ஆனா 'சொத்து'ன்னு பெருமையா எழுதிக்க முடியாது.

நம்ம ஊர்ல?

நம்ம ஊர் விதி ஒரே வரி. 2002-ல வந்த காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தோட கணக்கு விதிகள்: ஆள் பிடிக்கிற செலவு எந்த வருஷம் ஆச்சோ அந்த வருஷமே எழுதணும். தள்ளிவைக்கிற பேச்சே இல்ல.

அதனாலதான் 2000-க்கு அப்புறம் துறையைத் திறந்துவிட்டதும் வந்த தனியார் கம்பெனிகள் வருஷக்கணக்கா நஷ்டம் காட்டினாங்க. ஐசிஐசிஐ ப்ரூடென்ஷியல் லைஃப் 2000 டிசம்பர்ல வியாபாரத்தைத் தொடங்குச்சு. முதன்முதலா முழு வருஷ லாபம் காட்டினது 2009-10-ல. அதுவரைக்கும் முதலாளிங்க பணம் போட்டுட்டே இருக்கணும். துறையில இதை 'நியூ பிசினஸ் ஸ்ட்ரெயின்'னு சொல்வாங்க, புது வியாபாரம் கொடுக்கிற மூச்சுத்திணறல்.

இதுல ஒரு அழகு என்னன்னா, ஐசிஐசிஐ பேங்க் அமெரிக்கப் பங்குச் சந்தையிலயும் இருக்கு. அதனால அங்க ஒரு வருடாந்திர அறிக்கை தாக்கல் பண்ணணும். அதுல இந்திய முறைக் கணக்கை அமெரிக்க முறைக்கு மாத்திக் காட்டுற பகுதி ஒண்ணு உண்டு. அந்தப் பகுதியில இன்ஷூரன்ஸ் துணைக் கம்பெனியோட ஆள் பிடிக்கிற செலவு ஒரு திருத்தமா வரும். இங்க முழுசா செலவு, அங்க தள்ளிவைச்ச சொத்து. அதே பாலிசி, அதே ஏஜென்ட், அதே கமிஷன். தேவகோட்டையில யாரோ ஒருத்தர் போட்ட பாலிசிக்கு நியூயார்க்ல வேற முகம்.

சரி, இந்திய விதிதான் நேர்மையானதா? எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு. இல்லாத சொத்தைக் காட்டாம, போன காசைப் போச்சுன்னு எழுதுறாங்களே. ஆனா முதலீட்டாளருக்கு இந்தக் கணக்கு பாதிக் கதைதான் சொல்லுது. நல்லா வளர்ற கம்பெனி நோயாளி மாதிரி தெரியும். புது வியாபாரத்தை நிறுத்திட்டு, பழைய பாலிசியில இருந்து பிரீமியம் மட்டும் வாங்குற கம்பெனி ஆரோக்கியமா தெரியும். அதனால ஷேர் வாங்குற யாரும் இங்க லாப நஷ்டக் கணக்கை மட்டும் பார்க்கிறதில்ல. 'விஎன்பி'ன்னு ஒண்ணைப் பார்க்கிறாங்க. இந்த வருஷம் வித்த பாலிசிகள்ல இருந்து வரப்போற எல்லா வருஷத்து லாபத்தோட இன்றைய மதிப்பு.

என் அபிப்பிராயம் கேட்டா, நாம டிஏசி-யை முன்வாசல்ல நிறுத்திட்டு அதைவிடப் பெரிய விருந்தாளியைப் பின்வாசல் வழியா உள்ள விட்டிருக்கோம். டிஏசி-யாவது உண்மையில ஆன செலவுக்குள்ள அடங்கும். விஎன்பி இன்னும் வராத லாபத்தையும் சேர்த்தே எண்ணுது. ரெண்டுமே நிக்கிறது ஒரே காலுல: எத்தனை பேர் தொடர்ந்து கட்டுவாங்க?

இதுக்கு 'பெர்சிஸ்டென்சி'ன்னு பேர். 13-வது மாசம், 25, 37, 49, 61-வது மாசம்னு அளப்பாங்க. 13-வது மாச எண்ணுன்னா, முதல் வருஷம் பாலிசி எடுத்தவங்கள்ல எத்தனை பேர் ரெண்டாவது தவணையும் கட்டினாங்கன்னு. எல்லாக் கம்பெனியும் இதைத் தங்கள் இணையதளத்துல 'பொது வெளியீடு' பகுதியில போட்டாகணும். எல்-22-ங்கற படிவத்துல இருக்கும். கமிஷன் எவ்வளவுன்னு பார்க்கணும்னா எல்-5. சனிக்கிழமை சாயங்காலம் பொழுது போகலன்னா எடுத்துப் பாருங்க. நான் பார்த்தேன். எனக்கு இப்போ வேற ஹாபி இல்ல.

இப்போ என் 93,600

பஸ் கணக்குக்குத் திரும்புவோம். மூணு வருஷம் கட்டிட்டு ஒருத்தர் போயிட்டார். ஆள் பிடிக்க ஆன செலவு 5,000. மூணு வருஷத்துல மிஞ்சினது 3,000. பள்ளம் 2,000. அதை யார் தலையில கட்டுறது? கம்பெனி முதலாளி தலையிலயா, தொடர்ந்து கட்டுற மத்த பாலிசிதாரர்கள் தலையிலயா, போறவர் தலையிலயா? உலகம் பூரா பதில், போறவர் தலையில. சரண்டர் மதிப்பு குறைவா இருக்கிறதுக்கு அடிப்படைக் காரணம் இதுதான். இந்தியாவுல டிஏசி புத்தகத்துல இல்லாம இருக்கலாம். சரண்டர் அட்டவணையில அது இருக்கு. என்கிட்ட கவுண்டர் அக்கா நீட்டின தாள்ல இருந்தது அதுதான், வேற பேர்ல.

ஆனா நான் முழுசா சமாதானம் ஆகல, சொல்லிடறேன். கமிஷன் 24,000. மத்த ஆரம்பச் செலவு, மூணு வருஷ உயிர்க்காப்புக்கான விலை, எல்லாம் தாராளமாப் போட்டாலும் 93,600 முழுக்கச் செலவுன்னு என்னால நம்ப முடியல. ஒரு பகுதி செலவு ஈடு. மீதி, விட்டுட்டுப் போனதுக்கு அபராதம். அது உள்ள இருக்கிறவங்களுக்கும் கம்பெனிக்கும் போகும். ரெகுலேட்டருக்கும் இந்தச் சந்தேகம் இருந்திருக்கு போல. 2024 அக்டோபர் 1-ல இருந்து புது விதி: ஒரு முழு வருஷப் பிரீமியம் கட்டி முதல் வருஷம் முடிஞ்சிருந்தாலே 'ஸ்பெஷல் சரண்டர் வேல்யூ' கொடுக்கணும். சீக்கிரம் போறவங்களுக்கு முன்னைவிட நல்ல தொகை.

அப்போ அந்தப் பள்ளம்? மாயமா மறையாது. போறவர்கிட்ட குறைவா எடுத்தா வேற யார்கிட்டயாவது எடுக்கணும். அதனாலதான் அந்த அக்டோபர்ல ஏஜென்ட் கமிஷனை முதல் வருஷத்துல குறைச்சு, பின்னாடி வருஷங்களுக்கு நகர்த்துற பேச்சு துறை முழுக்க கிளம்புச்சு. ஏஜென்டுகள் எதிர்ப்பும் தெரிவிச்சாங்க. எங்க சித்தப்பா உட்பட.

அவர் விஷயத்துக்கு வர்றேன். ஒரு வருஷம் பேசாம இருந்த பிறகு, தங்கச்சி கல்யாணப் பத்திரிகை கொடுக்க அவர் வீட்டுக்குப் போகவேண்டி வந்துச்சு. சித்தி காபி கொடுத்துட்டு உள்ள போயிட்டாங்க. நான் மெதுவா, இந்த டிஏசி எல்லாம் படிச்ச கதையைச் சொன்னேன். அவர் பதில் பேசாம ஒரு பழைய நீல அட்டை நோட்டை எடுத்துட்டு வந்தார். அவர் போட்ட பாலிசிகளோட பட்டியல். வரிசையா பேர், தேதி, தவணைத் தொகை. பாதிப் பேருக்கு மேல சிவப்பு மையில கோடு.

"இதெல்லாம் நின்னு போனது"ன்னார். "நீ நிறுத்தினா எனக்கும் அடுத்த பதினேழு வருஷத்துக்கு வரவேண்டியது நின்னுச்சு தம்பி. கம்பெனி புத்தகத்துல நீ சொத்தோ இல்லையோ, இந்த நோட்டுல நீ சொத்துதான்."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. நோட்டைப் புரட்டிட்டே இருந்தேன். என் பேர் வந்துச்சு. சிவப்புக் கோடு. பக்கத்துல பென்சில்ல சின்னதா ஒரு எண்: 8,000.

"இது என்ன சித்தப்பா?"

"உன் முதல் தவணையில நான் கையில இருந்து போட்டது. மறந்துட்டியா?"

மறந்தேதான் போயிருந்தேன். 2020 மார்ச்ல எனக்கு முழு 48,000 புரட்ட முடியல. "நீ 40,000 கொடு, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்"னார். அவரோட கமிஷன்ல இருந்து 8,000. இன்னிக்கு எனக்குத் தெரியும், அது தப்பு. அதே 1938 சட்டத்துல 41-வது பிரிவு, ஏஜென்ட் கமிஷன்ல பங்கு கொடுக்கிறதையும் வாங்குறதையும் தடை பண்ணுது. பாதி ஊர் இதைப் பண்ணுதுங்கறது வேற விஷயம். ஆனா கணக்குன்னு பார்த்தா, அவர் "தின்ன" 24,000-ல 8,000 என் வயித்துக்குத்தான் வந்திருக்கு. அவருக்கு நின்னது 16,000, மூணு வருஷத்துக்கு. அதுலயும் டிடிஎஸ் போயிருக்கும், பெட்ரோல் போயிருக்கும், மெடிக்கலுக்கு என்னைப் பின்னாடி உட்காரவச்சுக் கூட்டிட்டுப் போன நாளும் போயிருக்கு.

மன்னிப்பு கேட்டேனான்னு கேட்பீங்க. நேரா கேட்கல. எங்க வீட்ல யாரும் நேரா கேட்கிற வழக்கமில்ல. "சித்தப்பா, ஒரு டேர்ம் பாலிசி மட்டும் போடணும், ஃபார்ம் இருக்கா?"ன்னேன். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, "டேர்ம்ல எனக்கு ஒண்ணும் பெருசா வராதுடா"ன்னார். அப்புறம் பையைத் திறந்தார். இந்தத் தடவை பத்து இடத்துலயும் படிச்சுப் பார்த்துக் கையெழுத்து போட்டேன். முழுப் பிரீமியமும் நானே கட்டினேன். இப்போ மூணாவது வருஷம் ஓடுது.

இன்னொரு செய்தி, அவசரமா. 2024 ஆகஸ்ட்ல மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் இந்த் ஏஎஸ் 117-ஐ அறிவிச்சிருக்கு. அது ஐஎஃப்ஆர்எஸ் 17-ஓட இந்திய வடிவம். காப்பீட்டுக் கம்பெனிகளோட கணக்குல அதைக் கொண்டுவர்றது ஐஆர்டிஏஐ கையில இருக்கு. வந்தா, அந்த 2002 விதியோட ஒரு வரி போய், சம்பாதிக்காத லாபப் பெட்டி நம்ம ஊருக்கும் வரும். அன்னிக்கு நஷ்டம் காட்டிட்டிருந்த சில கம்பெனி திடீர்னு லாபம் காட்டினா ஆச்சரியப்படாதீங்க. பேங்க்ல இருக்கிற பணம் அதேதான்.

உங்க யார்கிட்டயாவது பாதியில நின்ன பாலிசி இருந்தா, கவுண்டர்ல கொடுத்த தாளைப் போட்டோ எடுத்து அனுப்புங்க. பேரையும் பாலிசி எண்ணையும் மறைச்சுட்டு அனுப்புங்க, ப்ளீஸ். போன தடவை ஒருத்தர் ஆதார் கார்டையே அனுப்பிட்டார். நல்ல கேள்வியா வர்றதை எடுத்து, யூலிப் எபிசோட்ல பார்ப்போம். சித்தப்பா வர்றேன்னு சொல்லியிருக்கார். மைக் முன்னாடி உட்கார வச்சா எவ்வளவு நேரம் பேசுவார்னு எனக்குத் தெரியும், அதனால அது ரெண்டு பாகமா வரும்.